டர்போவுக்காக ஆயில் பேனில் போட்ட ஓட்டைகள்

வண்டிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் மாட்டுகிற சாமானை விற்றுப் பிழைக்கிறவனிடம் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. சீட் கவர் கடைக்குக் குடும்பத்தோடு போவார்கள். ஹாரன் வாங்குகிறவன் பத்துத் தடவை அடித்துப் பார்த்துச் சிரிப்பான். என் கடைக்கு மட்டும் கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக, பழைய துணியில் எதையோ சுற்றிக்கொண்டு, தனியாக வருவார்கள்.

பழவேற்காட்டிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் கடை போட்டவன் நான். ரப்பர் ஹோஸ், நிப்பிள், கிளாம்ப், வாஷர். பெரும்பாலும் தொழிற்சாலை மெஷின்களுக்குத்தான் வியாபாரம். ஆனால் இரண்டாயிரத்துக்குப் பிறகு கொஞ்ச வருஷம் இந்தப் பக்கம் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய டீசல் காருக்கெல்லாம் காயலான் கடை டர்போவை மாட்டி ஓட்டுகிற பைத்தியம். டர்போ என்பது புகை வெளியேறுகிற வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அடைத்துத் தள்ளுகிற ஒரு சின்னக் காத்தாடி. அது சுற்றுகிற சுற்றுக்கு எண்ணெய் இல்லாவிட்டால் கருகிவிடும். எண்ணெய் அழுத்தத்தோடு மேலே வந்து, வேலை முடிந்ததும் நுரைத்துப்போய், தானாக வழிந்து, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற தட்டான ஆயில் பேனுக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பேனில் ஓர் ஓட்டை போட்டு, ஹோஸைச் சொருகுகிற குட்டைக் குழாயான நிப்பிள் ஒன்றை மாட்ட வேண்டும். அந்த ஓட்டைக்குத்தான் என்னிடம் வருவார்கள். பக்கத்துக் கொட்டகையில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருந்த தசரதன் வேலையைச் செய்வார். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் வருத்தம் புதிதாக இருக்காது. மற்றவர்களும் படித்துவிட்டுக் கொஞ்சம் பரிதாபப்படலாம்.

பட்டப்பகலில் மேகம்

கவரைப்பேட்டை ஏழுமலை தன்னுடைய பெரிய பழைய டீசல் காரில் தினமும் காலையில் ஸ்டேஷன் வாசலிலிருந்து தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். வண்டி நிறைய ஆள் ஏறினால் மேம்பாலம் ஏற மறுக்கிறது என்று டர்போ மாட்டினார். எண்ணெய் திரும்புகிற குழாய்க்கு நிப்பிள் வாங்க வந்தவர், சுண்டுவிரல் தடிமனில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். "அண்ணே, மேலே போறதுக்குத்தான் இது. திரும்பி வர்றதுக்கு அழுத்தமே கிடையாது, தானா வழியணும். கட்டைவிரல் தடிமனாவது வேணும்" என்றேன். "என்கிட்ட இந்த சைஸுலதான் ஹோஸ் கீது பாய். போறதும் அதே எண்ணெய், வர்றதும் அதே எண்ணெய். இன்னா பெருசா?" என்று சொல்லி, சின்னதையே வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரமே திரும்பி வந்தார். இறங்க வழி இல்லாத எண்ணெய், டர்போவின் சீல் வளையத்தைத் தாண்டிக் குதித்து, சைலன்சர் வழியாகப் புகையாகப் போயிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தாராம். உள்ளே இருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாதி வழியிலேயே இறங்கி நடந்துவிட்டார்கள். தசரதன் ஓட்டையைப் பெரிதாக்கி, தடித்த நிப்பிளைப் பற்றவைத்து, ஹோஸ் எங்கும் வளைந்து மேலேறாமல் ஒரே சரிவாக இறங்கும்படி மாட்டிக்கொடுத்தார். வண்டி சுத்தமாகிவிட்டது. ஏழுமலை மேம்பாலத்தில் பறந்தார்.

ஆனால் அதற்குள் அந்தப் பெண்கள் ஷேர் ஆட்டோவுக்குப் பழகிவிட்டார்கள். ஏழுமலை கொஞ்ச நாள் ஸ்டேஷன் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவைத்து, சைலன்சரைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நாள் கடைப் பக்கம் வந்து உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொகை நின்னு போச்சி பாய். ஏறுற ஆளும் நின்னு போச்சி."

நீலமும் சிவப்பும்

திருநின்றவூரிலிருந்து ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர். சென்னையில் எங்கோ ஒரு கடையில் நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிய அலுமினிய நிப்பிளை வாங்கி, நகைப் பெட்டியைத் திறப்பதுபோல் திறந்து காட்டினார். மரை எங்கள் பக்கத்து ஹோஸ் எதற்கும் பொருந்தவில்லை. "இரும்பு நிப்பிள் ஒண்ணு தர்றேன், ஆயுசுக்கும் இருக்கும்" என்றேன். முகத்தைச் சுளித்தார். சென்னையில் அதே கடையில் ஹோஸும் வாங்கி வந்து, தசரதனிடம் தனியாக ஓர் இணைப்பு கடைந்து வாங்கி, வண்டிக்கு அடியில் தன் சட்டையையே விரித்துப் படுத்து, அவரே மாட்டினார். குறை சொல்லக்கூடாது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. படுத்தபடியே வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வெளியே வந்து, அழுக்குச் சட்டையை உதறி, ஏதோ தொலைந்துபோன மாதிரி நின்றார். "இன்னாச்சு தம்பி?" என்றேன். "சூப்பரா கீது பாய். ஆனா இதை நாலு பேர் பாக்கணும்னா என் வண்டி கவுந்தாதான் உண்டு."

பேனைக் கழற்றிய தம்பியும் கழற்றாத அண்ணனும்

மணவாள நகரில் அண்ணன் தம்பி இருவர். பெரியவர் குமார், சின்னவர் ரவி. இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். இருவரும் சேர்ந்து ஒரு டீசல் கார் வாங்கியிருந்தார்கள். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருவரையும் தனித்தனியாக நான் பார்த்ததே கிடையாது. டர்போவுக்கு நிப்பிள் வாங்க வந்தபோதும் சேர்ந்துதான் வந்தார்கள். அவர்கள் பேன் இரும்புத் தகடு. உள்ளே நட்டுப் போட்டு இறுக்குகிற நிப்பிளைக் காட்டி, "இதுக்குப் பேனைக் கழட்டணும். இல்லாட்டி உள்ள கை போகாது. டிரில் போட்ட தூளும் உள்ளேயே தங்கிடும்" என்றேன். அந்த வண்டியில் பேனைக் கழற்றுவது சுலபமில்லை. முன்பக்கம் இன்ஜினைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"கழட்டிடலாம்ணா" என்றார் ரவி. குமார் கேட்கவில்லை. "அதெல்லாம் பெரிய பேஜாரு. டிரில்லு மூக்குல கிரீஸ் தடவிப் போட்டா தூளு அதுலயே ஒட்டிக்கும். வெளியிலேர்ந்து மரை போட்டு நிப்பிளை இறுக்கிடுவேன்" என்றார். இப்படிச் செய்து தப்பித்தவர்களும் உண்டு, அதை மறுக்க முடியாது. தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, நிப்பிளுக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். வீட்டு வாசலிலேயே டிரில் போட்டு, பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, புது எண்ணெய் ஊற்றி, இருவரும் திருத்தணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கிரீஸில் ஒட்டாத தூள் போய் எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடையில் அடைத்துக்கொண்டது. பாதி வழியில், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ரவி. நிறுத்தலாம் என்று காலை எடுத்தபோது, "ஒயர் லூசா இருக்கும், போ" என்றாராம் குமார். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போட்டு நின்றுவிட்டது.

கார் போனது பெரிதில்லை. ஓட்டினவன்தான் கெடுத்தான் என்று அண்ணன் வீட்டில் சொன்னார். அந்த ஒரு சொல் சின்னவரைத் தைத்துவிட்டது. ரவி வேறு ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்து மாறிக்கொண்டார். ஒருவர் வேலை முடிந்து வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போவார், பார்த்தாலும் பார்க்காததுபோல். ரவி மெஷின் ஹோஸ் ஒன்று வாங்கத் தனியாக என் கடைக்கு வந்தார். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஹோஸைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பேனைக் கழட்டலாம்னு ஒரு தபா சொன்னேன் பாய். அவர் அண்ணன், எதுத்து இன்னொரு தபா எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டேன். சொல்லியிருந்தா திட்டியிருப்பாரு, அதோட போயிருக்கும்."

இடுப்புக்கு மேலே எடுத்த படம்

இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிற பழனி, மகள் கல்யாணத்துக்காக ஒரு டர்போ டீசல் கார் வாங்கியிருந்தார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் வெள்ளை நிறம், பளபளப்பு. "என் பொண்ணும் மாப்பிள்ளையும் வாடகை வண்டியில போகக்கூடாது பாய். எங்கூட்டு வண்டியிலதான் போகணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்த வண்டியை விற்றவன் எப்போதோ பேன் உடைந்தபோது, டர்போ இல்லாத வண்டியின் அலுமினியப் பேனை மாட்டி, அதில் கோணலாக ஓட்டை போட்டு நிப்பிளைப் பசையால் ஒட்டி வைத்திருந்தான். கல்யாணத்துக்கு ரெண்டொரு நாள் இருக்கும்போது அது கசிய ஆரம்பித்தது. தசரதன் குனிந்து பார்த்துவிட்டு, "பேனை இறக்கி, எண்ணெய்ப் பிசுக்கு போறவரைக்கும் கழுவி, சூடு பண்ணி, அலுமினியத்துக்குன்னு கீற ஆர்கான் வெல்டிங்குதான் அடிக்கணும். அவசரப்பட்டா வெல்டிங்குல பொடிப் பொடியா ஓட்டை வுழும். கல்யாணம் முடிஞ்சி கொண்டாங்க. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்றார். பழனி தலையை ஆட்டிக்கொண்டு போனார். வேறெங்கேயோ போய், பழைய பசையின்மேலேயே புதுப் பசையை அப்பிக்கொண்டார்.

திருவள்ளூரில் கல்யாணம். வீட்டுப் பெண்களும் கல்யாணப் பெண்ணும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். காருக்குப் பூ அலங்காரம் செய்து ஓட்டிக்கொண்டு வருவதற்காகப் பழனி மட்டும் பின்தங்கி, விடிந்ததும் கிளம்பினார். பெரியபாளையம் தாண்டி ஒரு வேகத்தடை. அடியில் தொங்கிக்கொண்டிருந்த நிப்பிள் அதில் இடித்து, பசையோடு பெயர்ந்துபோனது. எண்ணெய் முழுக்க ரோட்டில். பட்டு வேட்டியோடு அடியில் படுத்து, துணியை வைத்து அடைக்கப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. பூ கட்டிய காரை ஒரு பெட்டிக்கடை ஓரம் விட்டுவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த வேட்டியோடு பால் வண்டியில் ஏறி, தாலி கட்டுகிற நேரத்துக்கு எப்படியோ மண்டபத்தில் நின்றுவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் வாடகைக் காரில்தான் போனார்கள்.

அந்த மாதக் கடைசியில் பேனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். தசரதன் வாங்கிக் கழுவ ஆரம்பித்தார். கல்யாண ஆல்பம் வந்துவிட்டதா என்று நான் பேச்சை மாற்றினேன். "வந்துச்சி பாய், நல்லாத்தான் எடுத்துக்கிறான். எல்லாரையும் முழுசா எடுத்துக்கிறான், என்னைய மட்டும் எல்லாப் படத்துலயும் இடுப்புக்கு மேல."

எங்கே போய்ச் சொல்வது

மணி மெக்கானிக் நல்ல வேலைக்காரர், கோபக்காரர். நெல்லூர்ப் பக்கத்துக்காரரான சுப்பையா என்ற பெரியவர், பழைய டர்போக்களை வாங்கித் துடைத்து, சரிபார்த்து, எங்கள் சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விற்றுக்கொண்டிருந்தார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். யாரைப் பார்த்தாலும் "ரா நைனா" என்று வாய் நிறைய அழைப்பார். மணி அவரிடம் ஒரு டர்போ வாங்கி ஒரு காரில் மாட்டினார். புகைந்தது. திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினார். அதுவும் புகைந்தது. சாலையில் நாலு பேர் பார்க்க, தார்ப்பாயை எட்டி உதைத்து, "செத்த சாமானத் துடைச்சி வெச்சிக்கினு துட்டு பண்றியா?" என்று கத்தினார். சுப்பையா உருண்டு போனவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தார்ப்பாயில் வைத்தார். அதன்பிறகு அவரிடம் யாரும் நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அந்த இடம் காலியாக இருந்தது.

மூன்றாவதாக மணி வேறு இடத்திலிருந்து புத்தம் புதிய டர்போவே வாங்கி மாட்டினார். அதுவும் புகைந்தது. அப்போதுதான் வண்டியை என் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, ஹோஸ் சரியில்லையோ என்று கேட்டார். தசரதனும் நானும் குனிந்து பார்த்தோம். ஹோஸில் குறை இல்லை. நிப்பிளைப் பேனில் வெகு கீழே மாட்டியிருந்தார். அங்கேதான் தகடு தட்டையாக இருந்தது, டிரில் போடச் சுலபம். ஆனால் பேனுக்குள் நிற்கிற எண்ணெயின் மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே. நிறைந்த குடத்துக்கு அடியில் குழாயைச் சொருகி ஊற்றினால் எப்படி இறங்கும்? திரும்பி வருகிற எண்ணெய் குழாயிலேயே தேங்கி நின்றது. எந்த டர்போவை மாட்டியிருந்தாலும் புகைந்திருக்கும்.

தசரதன் பழைய ஓட்டையை அடைத்து, எண்ணெய் மட்டத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டிப் புது நிப்பிள் வைத்தார். மணி ஸ்டார்ட் செய்தார். புகை இல்லை. அணைத்தார். மறுபடி ஸ்டார்ட் செய்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ப்புறம் அந்தத் தார்ப்பாய் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூலூர்ப்பேட்டை வரைக்கும், அதற்கடுத்த வாரம் நாயுடுபேட்டை வரைக்கும் பஸ்ஸில் போய் விசாரித்து வந்தார். சுப்பையா என்று கேட்டால் அங்கே தெருவுக்கு ஒருவர் இருந்தார். திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்: "கத்துனது இந்த ரோட்டுல, எல்லாரும் கேட்டாங்க. தப்பு என்னுதுன்னு சொல்றதுக்கு அந்தாளு ஒருத்தர்தான் வேணும் பாய், அவரைத்தான் காணோம்."

வேலையத்தவன் போட்ட ஓட்டை

எங்கள் பேச்சை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்ட வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டராக இருந்த ஜான்சன். பேனை அவரே கழற்றி, டீசலில் கழுவி, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். எண்ணெய் மட்டம் எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். டர்போவிலிருந்து நேராக எங்கே இறங்கும், பக்கத்தில் அச்சு இடிக்குமா, தரையில் தட்டுமா என்று எல்லாவற்றையும் கம்பியை வளைத்து அளந்து வைத்திருந்தார். தடித்த இரும்பு நிப்பிளை எடுத்தார். தசரதன் பற்றவைத்த பிறகு பேனில் தண்ணீர் நிரப்பி மேஜைமேல் வைத்து, டீ குடித்துவிட்டு வந்து விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. வெல்டிங் மணிகோத்ததுபோல் ஒரே சீராக ஓடியிருந்தது. தசரதன் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதைக் காட்டினார். அந்த வண்டி புகையவில்லை, ஒழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சர்ச்சுக்குப் போகும்போது எங்களைத் தாண்டுகையில் ஒரு ஹாரன் அடிப்பார்.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற சமயம். வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது என்று பல கம்பெனிகளில் ஆட்களை நிறுத்தினார்கள். ஜான்சனையும் நிறுத்தினார்கள். வண்டியை விற்றுவிட்டு ஓசூர்ப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்லிக்கொள்கிற மனநிலையில் இருந்திருக்க மாட்டார். வெகு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பேனைக் கொண்டுவந்து கவுன்டர்மேல் வைத்தார். வாங்கின வண்டியில் டர்போ இருந்ததாம், பராமரிக்க முடியாது என்று கழற்றி எடைக்குப் போட்டுவிட்டாராம். "அடியில இந்த ஓட்டை எதுக்குன்னே தெரியல. எவனோ வேலையத்தவன் போட்டுக்கிறான். இந்த நிப்பிள அறுத்து எடுத்துட்டு மட்டமா அடைச்சிக் குடுங்க" என்றார்.

நான் பேனைத் திருப்பினேன். மணிகோத்த மாதிரி வெல்டிங். தசரதனிடம் எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவர் கைத்துணியால் துடைத்தார். கட்டைவிரலால் அந்த வெல்டிங்கைச் சுற்றி ஒரு முறை தடவினார். அறுக்கிற மெஷினைக் கையில் எடுத்தவர், கீழே வைத்துவிட்டார். லேத்தில் ஒரு மூடி கடைந்து, செப்பு வாஷர் வைத்து, அந்த நிப்பிளின் வாயில் இறுக்கினார். வண்டிக்காரர், "அறுக்கச் சொன்னேனே?" என்றார். தசரதன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒழுகாது, அது போதும் அவருக்கு. நல்லா மாட்டுனதை நான் அறுக்க மாட்டேன் பாய், வேணும்னா வேற ஆளாண்ட போவச் சொல்லு."

இத்தனை வருஷம் கடை நடத்தி நான் ஒழுகாமல் நிறுத்தியது எண்ணெயை மட்டும்தான், அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் வண்டியில்.